ஃப்ரீலான்ஸ் வேலையில் உங்களுக்கென்று ஒரு துறை: டெல்டாவில் இருந்துகொண்டே தேர்ந்தெடுப்பது எப்படி? முழு வழிகாட்டி

ஆறு வருஷத்துக்கு முன்பு மன்னார்குடியில் ஓர் உரக்கடைக்குப் போயிருந்தேன். கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் காட்டுவதற்காக. கடைக்கார அண்ணன் பத்திரிகையைப் பார்க்கவே இல்லை. ஒரு பூச்சி மருந்து டப்பாவோடு வந்த மடிப்புத் தாளை விரித்து என்னிடம் நீட்டினார்.

"தம்பி, நீதான் இங்கிலீஷ், தமிழ் எல்லாம் டைப் அடிக்கிற ஆளாச்சே. இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு."

'இளஞ்செடிகளை இடமாற்றம் செய்த 20 நாட்களுக்குப் பிறகு' என்று இருந்தது.

"நட்ட இருபதாம் நாள்னு போட்டா முடிஞ்சு போச்சு. இது என்ன, தென்னங்கன்னா, பூச்செடியா?" என்றார். அதற்குக் கீழே 'பழுப்புச் செடித் தாவிகள்' என்று ஒரு பூச்சி. அவர் முழித்தார். நானும் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, "புகையான்ணே" என்றேன். அளவு 'ஹெக்டேருக்கு 500 மில்லி' என்று இருந்தது. "மூணு மா வச்சிருக்கிறவன் வந்து கேட்டா எக்டேரை நான் எங்க போய்த் தேடுறது?" ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். எங்கள் பக்கம் மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு, ஏக்கருக்கு ஏறத்தாழ 200 மில்லி என்று சொன்னேன். அவர் பேனாவை எடுத்து டப்பா மேலேயே எழுதி வைத்துக்கொண்டார்.

என் தனித்துறை அந்தத் தாளில்தான் இருந்தது. அது எனக்குப் புரிய இன்னும் இரண்டு வருஷம் ஆனது. அதுவரை பத்திரிகை, லோகோ, வெப்சைட், சப்டைட்டில், எக்செல் கணக்கு என்று கேட்டதையெல்லாம் செய்தேன். இப்போது விவசாயம் சார்ந்த தமிழ் எழுத்தும் மொழிபெயர்ப்பும் மட்டும்தான். அந்த இரண்டு வருஷத்தை நீங்கள் வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் செய்கிற வேலையாக இருந்தாலும், ஆரி வேலை, போட்டோ, கணக்கு எழுதுவது என்று கையால், காலால் அலைந்து செய்கிற வேலையாக இருந்தாலும் வழி ஒன்றுதான்.

எல்லாம் செய்பவரை யாரும் நினைவில் வைப்பதில்லை

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். உங்களுக்கு வேலை கொடுத்த ஒருவரிடம், "என்னைப் பற்றி உங்கள் நண்பரிடம் சொல்ல வேண்டும் என்றால் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். "கம்ப்யூட்டர் வேலையெல்லாம் செய்யும், நல்ல பையன்" என்று பதில் வந்தால், அவர் உங்களை யாரிடமும் அனுப்பப் போவதில்லை. அவருக்கு மனமில்லாமல் இல்லை. எந்தச் சமயத்தில் உங்கள் பெயரை எடுப்பது என்று அவருக்குத் தெரியாது. "களைக்கொல்லி நோட்டீஸைத் தமிழில் ஒழுங்காக எழுதித் தருகிற ஆள் மன்னார்குடியில் இருக்கிறார்" என்று ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால், அந்தப் பேச்சு வரும் இடத்தில் எல்லாம் உங்கள் பெயரும் வரும்.

முதல் படி: போன வருஷத்து வேலையை நோட்டில் எழுதுங்கள்

"உங்களுக்கு எது பிடிக்கும்?" என்ற கேள்வியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். பிடித்தது பட்டியலில் சினிமா சப்டைட்டில் முதலில் வந்தது. ஆறு மாதம் தேடியும் வந்தது இரண்டே வேலை.

ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த 12 மாதம் செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. யாருக்குச் செய்தீர்கள், என்ன வேலை, எத்தனை மணி நேரம் ஆனது, எவ்வளவு பணம் வந்தது, எத்தனை முறை திருத்தம் கேட்டார்கள், எத்தனை நாள் கழித்துப் பணம் தந்தார்கள், யார் சொல்லி வந்தார்கள். ஜிபே, வாட்ஸப், மெயில் மூன்றையும் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாலே முக்கால்வாசி கிடைத்துவிடும். மணிக்கணக்கு நினைவில் இல்லை என்றால் குத்துமதிப்பாகப் போடுங்கள். ஆனால் குறைத்துப் போடாதீர்கள். போனில் பேசிய நேரம், ப்ரூஃப் கொண்டுபோன நேரம், பணத்துக்கு நடந்த நேரம் எல்லாமே அந்த வேலையின் நேரம்தான்.

என் நோட்டில் அந்த வருஷம் 61 வேலை, 11 வகை. மூன்று வரியை மட்டும் இங்கே தருகிறேன்.

கல்யாணப் பத்திரிகை ஒன்று: 800 ரூபாய். திருத்தம் 7 முறை. மாமா பெயர் விட்டுப்போனது, சித்தப்பா பட்டம் மாறியது என்று. மொத்தம் 6 மணி நேரம். மணிக்கு 133 ரூபாய்.

ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெப்சைட்: 15,000 ரூபாய். கேட்கும்போது பெரிய தொகை. நான்கு மாதம் இழுத்து 90 மணி நேரம் ஆனது. மணிக்கு 167 ரூபாய்.

விதை நெல் துண்டறிக்கை மொழிபெயர்ப்பு: 1,200 சொல், சொல்லுக்கு ஒன்றரை ரூபாய், ஆக 1,800. எடுத்தது 5 மணி நேரம், திருத்தம் ஒன்றும் இல்லை. மணிக்கு 360 ரூபாய்.

என் மனதில் வெப்சைட்தான் 'பெரிய வேலை'யாக இருந்தது. துண்டறிக்கையை இடையில் வந்த சில்லறை வேலை என்று நினைத்திருந்தேன். நோட்டு இதைத் தலைகீழாகக் காட்டியது. அதிலும் திருத்தக் கட்டத்தைக் கவனமாகப் பாருங்கள். திருத்தமே கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள் என்றால், அந்த விஷயத்தில் உங்களுக்கு அவர்களைவிட அதிகம் தெரிந்திருக்கிறது என்று பொருள். துறை ஒளிந்திருப்பது பெரும்பாலும் அந்த வரியில்தான்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள், 12 மாத வேலை இல்லாதவர்கள், காசில்லாமல் செய்துகொடுத்த வேலைகளை எழுதலாம். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்ப எதற்காக உங்களிடம் வருகிறார்கள்? ஆதார் திருத்தமா, பட்டா விண்ணப்பமா, கோயில் விழாவுக்கு வீடியோவா? அதுவும் கணக்குதான்.

இரண்டாம் படி: கைவேலை, ஆள், சிக்கல்

துறை என்றவுடன் பலரும் கைவேலையை மட்டும் நினைக்கிறார்கள்: 'நான் வீடியோ எடிட்டர்', 'நான் டேலி போடுகிறேன்'. அது கால்வாசிதான். கைவேலையோடு, யாருக்குச் செய்கிறீர்கள் என்பது சேர வேண்டும். அதோடு அவர்களுடைய எந்தச் சிக்கலைத் தீர்க்கிறீர்கள் என்பதும் சேர்ந்தால்தான் அது துறை.

இதற்கு நம் ஊரிலேயே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற வழியில், ஆடுதுறையை ஒட்டி நரசிங்கம்பேட்டை. நாதஸ்வரம் செய்யும் ஊர். 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. முன்பெல்லாம் சுருதி அதிகமான, குட்டையான திமிரி நாயனம்தான் புழக்கத்தில் இருந்தது. அதில் சுத்த மத்யமம் என்ற ஸ்வரம் சரியாக நிற்காது என்பது வாசிப்பவர்களுக்குப் பெரிய குறை. திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தேவையைக் கேட்டு, திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, நீளமான பாரி நாதஸ்வரத்தை உருவாக்கிக் கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. ஆச்சா மரத்தைக் கடைவது கைவேலை. நாதஸ்வரக் கலைஞர் ஆள். சரியாக நிற்காத ஒரு ஸ்வரம் சிக்கல். மரம் கடைசல் பிடிக்கத் தெரிந்தவர் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அந்த ஸ்வரத்தின் குறையைக் காது கொடுத்துக் கேட்டது அவர். அந்த ஊர்ப் பெயர் இன்றும் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். வாயில் வைத்து ஊதும் சீவாளியைச் செய்வது தனி வேலை, அதற்குத் தனி ஆட்கள். ஒரே வாத்தியத்துக்குள் இரண்டு துறை!

ஆகவே உங்கள் நோட்டில் மேலே வந்த நான்கைந்து வேலைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் 'இன்னாருக்கு, இந்தக் கஷ்டத்துக்கு, இந்த வேலை' என்று எழுதிப் பாருங்கள். 'இன்னாருக்கு' என்ற இடத்தில் 'எல்லோருக்கும்' என்று வந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

மூன்றாம் படி: இந்த மண்ணில் இருப்பதால் உங்களுக்குத் தெரிந்தது என்ன?

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கச் சொல்வேன். சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், 'இங்கே இருந்தால் என்ன கிடைக்கும்' என்று பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். நகரத்தில் இருப்பவர்களுக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காத அறிவு உங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது.

என் விஷயத்தில் அது சொற்கள். நெல் தூர் கட்டுவது, தொண்டைக் கதிர், பால் பிடிப்பது, குலை நோய், இலைச் சுருட்டுப் புழு, அண்டை வெட்டுவது. அப்பா சாப்பிடும்போது பேசிய பேச்சு இதெல்லாம். அகராதியைப் பார்த்து எழுதுபவருக்கு 'தூர்' என்ற சொல் கிடைக்கும், அது எந்த வாரத்தில் வரும் என்பது கிடைக்காது. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்ற கணக்கும் அப்படித்தான். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அதனாலேயே இதற்கு விலை உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உங்களுக்கு அது வேறாக இருக்கலாம். சுவாமிமலைப் பக்கம் வளர்ந்தவர் என்றால், சிலைக்கு அளவு எடுக்கத் தென்னை ஓலைக் கீற்றை மடித்து மடித்துப் பங்கு பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றுவது உங்களுக்குக் கதையல்ல. அந்தச் சிலை வெளிநாட்டுக்குப் போக வேண்டும் என்றால், அது பழம்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும். போட்டோ எடுக்கவும் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதவும் தெரிந்த ஒருவர், மினுமினுக்கும் உலோகத்தில் வெளிச்சம் அடிக்காமல் படம் எடுப்பது, சிலையின் முத்திரையை, ஆயுதங்களைச் சரியாக விவரிப்பது, சான்றுக்கான தாள்களைத் தயார் செய்வது என்ற மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் அது முழுத் துறை. வெறும் 'ப்ராடக்ட் போட்டோகிராபர்' அவரோடு போட்டி போட முடியாது.

கும்பகோணத்துப் பாத்திரக்கடைக் கணக்கு இன்னொன்று. பழைய பித்தளையை எடை போட்டு வாங்குவது, கூலிக்குக் கொடுத்துச் செய்து வாங்குவது, சேதாரம். இதெல்லாம் தெரிந்த கணக்கர், எல்லாக் கடைக்கும் ஜிஎஸ்டி போடுபவரைவிட அந்தத் தெருவுக்கு வேண்டியவர். திருபுவனம் பட்டு, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, பட்டுக்கோட்டைத் தேங்காய், நாகப்பட்டினத்து மீன் என்று ஒவ்வொன்றையும் சுற்றி எழுத்து வேலை, பட வேலை, கணக்கு வேலை இருக்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அறிவு இங்கே இருக்கட்டும், வாடிக்கையாளர் எல்லோரும் இங்கேயே இருக்கக் கூடாது. இந்தப் பகுதியில் பணம் தண்ணீரோடு சேர்ந்து நடக்கிறது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் ஒரு கணக்கு. 2024-இல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். குறுவை அடிபட்டால் புரட்டாசி, ஐப்பசியில் கடைத்தெருவில் காசு ஓடாது. உங்களுக்கு வர வேண்டிய பாக்கியும் 'தை பிறக்கட்டும் தம்பி' என்று சம்பா அறுவடைக்குத் தள்ளிப்போகும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது, தென்னை வியாபாரிகளுக்கு மட்டுமே லேபிள், நோட்டீஸ் செய்துகொண்டிருந்த ஒரு நண்பருக்கு ஒரே ராத்திரியில் எல்லா வாடிக்கையாளரும் போனார்கள். தென்னை மறுபடி காய்க்க வருஷக்கணக்கு ஆகும். அவர் அதே தொழிலறிவை வைத்துப் பொள்ளாச்சிப் பக்கம் ஆள் பிடித்து எழுந்தார். நான் பார்த்த வரையில் பாதிக்கு மேல் வெளியூராக இருப்பது நல்லது.

நான்காம் படி: பத்துப் பேரிடம் பேசுங்கள்

இப்போது கையில் இரண்டு மூன்று துறைகள் இருக்கும். அந்த வேலை தேவைப்படும் பத்துப் பேரிடம் பேச வேண்டும். விற்கப் போகாதீர்கள், கேட்கப் போங்கள். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, 'நான் இப்படி ஒரு வேலை செய்தால் கொடுப்பீர்களா?' என்று கேட்பது. நம் ஊரில் முகத்துக்கு நேரே யார் இல்லை என்பார்கள்? 'செய்ங்க தம்பி, பார்க்கலாம்' என்பார்கள். அந்தப் 'பார்க்கலாம்' எதற்கும் உதவாது.

நடந்து முடிந்ததைக் கேளுங்கள். கடைசியாக இந்த வேலையை யாரிடம் கொடுத்தீர்கள்? எவ்வளவு ஆனது? எங்கே இடித்தது? வருஷத்துக்கு எத்தனை முறை இது தேவைப்படுகிறது? கடைசியில் யார் கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுக்கிறார்? இந்த ஐந்துக்கும் பதில் வந்தால் சந்தை இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பத்தில் ஆறு பேர் ஒரு பைசாவும் இதுவரை செலவழித்ததில்லை என்றால், துறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்ததைப் பாருங்கள்.

நான் பேசியவர்களில் ஒரு பூச்சி மருந்து விற்பனைப் பிரதிநிதி சொன்னதுதான் எனக்குத் திருப்பம். "சார், மொழிபெயர்க்க ஆள் நிறைய இருக்காங்க. அதைப் பார்த்து சரியா தப்பான்னு சொல்லத்தான் எங்ககிட்ட ஆள் இல்ல." அன்றுவரை நான் மொழிபெயர்ப்பைத்தான் விற்க நினைத்தேன். சரிபார்ப்பும் ஒரு வேலை என்று அப்போதுதான் பிடிபட்டது. இப்போது என் வருமானத்தில் பாதி அதிலிருந்து வருகிறது.

ஐந்தாம் படி: எவ்வளவு அகலம்?

'மொழிபெயர்ப்பு' கடல். 'நெல் களைக்கொல்லித் துண்டறிக்கை' கிணறு, இரண்டு மாதத்தில் வற்றும். 'விவசாயத் தமிழ்' ஒரு நல்ல வாய்க்கால். விதை, உரம், மருந்து, டிராக்டர் கையேடு, செல்போன் செயலி, பயிற்சி வீடியோ என்று அதற்குள் கிளை பிரியும். வருஷம் முழுவதும் ஓடுமா என்றும் பாருங்கள். பாபநாசத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை மட்டும் செய்கிறார். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, வேலையும் இல்லை. பரதநாட்டிய உடையைச் சேர்த்துக்கொண்டார். மார்கழி நிறைந்துவிட்டது. கைவேலை அதே ஊசி, அதே நூல்தான்.

ஆறாம் படி: ஒரு குறுவை அளவுக்குச் சோதியுங்கள்

வாழ்நாள் முடிவாக இதை எடுக்காதீர்கள், பயம் வந்துவிடும். ஆடுதுறை 43 மாதிரி குறுகிய கால ரகம் ஏறத்தாழ 110 நாளில் அறுவடைக்கு வரும். உங்கள் துறைக்கும் அந்த 110 நாளைக் கொடுங்கள். சம்பாவைப் போல ஐந்தாறு மாதம் இழுத்தால் இடையில் மனம் மாறிவிடும். ஒரு மாதம் என்றால் ஒன்றும் தெரியாது.

முதல் 25 நாள் நாற்றங்கால். வெளியே யாரிடமும் வேலை கேட்க வேண்டாம். மூன்று மாதிரிகளைத் தயார் செய்யுங்கள். வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் மாதிரி செய்யலாம். நான் கடையில் கிடைத்த மூன்று துண்டறிக்கைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தைத் திருப்பி எழுதினேன். இடப்பக்கம் இருந்தது, வலப்பக்கம் நான் எழுதியது, கீழே ஏன் மாற்றினேன் என்று இரண்டு வரி. 'பழுப்புச் செடித் தாவி' இடத்தில் 'புகையான்'. 'இளஞ்செடி இடமாற்றம்' இடத்தில் 'நடவு'. அதோடு ஒரு சொற்பட்டியல் ஆரம்பித்தேன். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் தமிழ் இணையப் பக்கங்கள், உழவன் செயலி இரண்டிலும் ஒவ்வொரு சொல்லையும் ஒத்துப்பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் சொல்வதைப் பக்கத்தில் எழுதினேன். உங்கள் துறை எதுவானாலும் இப்படி ஒரு பட்டியல் வேண்டும்: கணக்கர் என்றால் அடிக்கடி வரும் பிழைகள், போட்டோகிராபர் என்றால் எந்த உலோகத்துக்கு எந்த வெளிச்சம்.

துறைக்கு உள்ளே போகப் போக அதன் சட்டமும் தெரிந்தாக வேண்டும். பூச்சி மருந்து லேபிளில் ஒரு முக்கோணம் இருக்கும்; சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், கடைசியாகப் பச்சை. அதில் உள்ள அளவுகள் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி பதிவுக் குழு ஒப்புதல் தந்தவை. ஏக்கர் கணக்கு வேண்டும் என்று நான் கம்பெனிக்கு எழுதிச் சொல்லலாம், நானாக எண்ணை மாற்றிவிடக் கூடாது. ஒரு புள்ளி தவறினால் ஒருவர் வயல் கருகும், கலக்குபவர் உடம்பும் கெடும். இந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடிந்த நாளில்தான் எனக்கு இது துறை என்று தோன்றியது.

26-ஆம் நாளிலிருந்து 60 வரை நடவு. வாரம் எட்டுப் பேர், ஐந்து வாரத்தில் 40 பேருக்கு எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே கடிதத்தைத் தட்டிவிடாதீர்கள். நான் அனுப்பியது இப்படி இருக்கும்:

"வணக்கம். உங்கள் நெல் களைக்கொல்லியின் தமிழ்த் துண்டறிக்கையைப் படித்தேன். மூன்றாம் பத்தியில் அளவு ஹெக்டேர் கணக்கில் மட்டும் இருக்கிறது. எங்கள் பகுதி விவசாயிகள் ஏக்கர், மா கணக்கில்தான் மருந்து கலக்குகிறார்கள். நீங்கள் ஒப்புக்கொண்டால் அந்தப் பக்கத்தை எப்படி எழுதலாம் என்று இணைத்திருக்கிறேன். விவசாயத் தமிழ் மட்டுமே என் வேலை. நேரம் இருக்கும்போது அழையுங்கள்."

40 கடிதத்தில் பதில் வந்தது 9 பேரிடமிருந்து. வேலை வந்தது 3. எனக்கு அது போதுமாக இருந்தது.

மீதி நாள் வேலையைச் செய்வது, அதை நோட்டில் எழுதுவது. பழைய ஏழு கட்டங்கள்தான்.

விசிட்டிங் கார்டு, வாட்ஸப் பிசினஸ் விவரம், லிங்க்ட்இன் தலைப்பு மூன்றிலும் அந்த ஒரே வரியை வையுங்கள். 'அனைத்து வகை வேலைகளும் செய்து தரப்படும்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். எனக்குக் கையே வரவில்லை, ஆனாலும் எடுத்தேன்.

ஏழாம் படி: பழைய வாடிக்கையாளர்களை என்ன செய்வது?

ஒரே நாளில் விடாதீர்கள். வீட்டில் அரிசி வாங்க வேண்டும். சோதனைக் காலத்தில் பழைய வேலைக்கு வாரத்தில் நான்கு நாள், புதிய துறைக்கு இரண்டு நாள் என்று பிரித்தேன். புதிய துறையிலிருந்து மாத வருமானத்தில் பாதி வரத் தொடங்கியதும் பழையதில் புதிதாக எதையும் எடுப்பதை நிறுத்தினேன்.

மறுப்பதுதான் கஷ்டம், அதிலும் சொந்தக்காரர்களிடம். "மாமா, இப்ப நான் பத்திரிகை வேலை எடுக்கிறதில்ல. ஆனா நீடாமங்கலத்துல ஒருத்தர் என்னைவிட நல்லா பண்ணுவார், நம்பர் அனுப்புறேன், நானே பேசி வைக்கிறேன்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முடியாது என்பதோடு ஒரு ஆளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நீடாமங்கலத்துக்காரர் இன்று எனக்கு வேலை அனுப்புகிறார்.

எட்டாம் படி: விலை, பணம், வரி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். துறைக்குள் வந்ததும் சொல்லுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்பதிலிருந்து வேலைக்கு இவ்வளவு என்று மாறுங்கள். வேகம் கூடும்போது மணிக்கணக்கில் வாங்குபவருக்குத்தான் நஷ்டம். புதியவர்களிடம் பாதி முன்பணம். ஃபைவர் போன்ற தளத்தில் விற்றால் விற்பவரிடமிருந்து 20 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். விலையில் அதைச் சேர்த்துவிட்டுப் போடுங்கள்.

எனக்கு ஒரு நிறுவனம் எட்டு மாதம் பாக்கி வைத்தது. அப்போதுதான் குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்தேன். ஆன்லைனில் இலவசம், அரை மணி நேர வேலை. பதிவு செய்த குறு, சிறு தொழில்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் இந்த ஒரு வரியையும் சேர்த்த பிறகு, பெரிய கம்பெனிகளின் கணக்குப் பிரிவு என் பில்லைச் சீக்கிரம் எடுக்கிறது. அவர்கள் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்தால் பயப்படாதீர்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் பாருங்கள். உங்களுக்கு அவ்வளவு வரி இல்லை என்றால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை.

இயந்திரம் வந்துவிட்டதே?

இந்தக் கேள்வி என்னிடம் வாரம் ஒரு முறை வருகிறது. உண்மையைச் சொல்ல வேண்டும். பொதுவான மொழிபெயர்ப்பு வேலை குறைந்துவிட்டது. சொல்லுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்தவர்கள் இப்போது கம்ப்யூட்டரிலேயே முடித்துக்கொள்கிறார்கள். எல்லாமும் செய்யும் ஆளாக நான் இன்னும் இருந்திருந்தால் கடையைக் கட்டியிருப்பேன். ஆனால் கம்ப்யூட்டர் கொடுத்த தமிழை ஒரு விவசாயி கையில் கொடுக்கலாமா என்று பார்த்து, தன் பெயரைப் போட்டு 'சரி' என்று சொல்ல ஆள் தேவைப்படுகிறது. தவறான சொல்லுக்கு விலை அதிகமாக இருக்கும் இடங்களைத் தேடுங்கள். மருந்து, சட்டம், இயந்திரப் பாதுகாப்பு, பணம். உங்கள் கைவேலை எதுவானாலும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இதில் பிழை வந்தால் யாருக்கு, எவ்வளவு நஷ்டம்? நஷ்டம் பெரியது என்றால் அங்கே நம்பகமான ஆளுக்கு இடம் உண்டு.

110-ஆம் நாள்

நோட்டை மறுபடி திறங்கள். நான்கு எண்களைப் பாருங்கள். புதிய துறையில் மணிக்கு எவ்வளவு வந்தது, பழைய சராசரியைவிடக் கூடியதா? கேட்காமலே யாராவது சொல்லி வந்தவர் ஒருவராவது உண்டா? முதல் வேலை கொடுத்தவர் இரண்டாவது கொடுத்தாரா? திருத்தங்கள் குறைந்துகொண்டே வருகின்றனவா? இதில் இரண்டுக்கு 'ஆம்' வந்தால் இன்னொரு 110 நாள் போடுங்கள். இம்முறை வாரத்தில் நான்கு நாள் புதிய துறைக்கு. மூன்று, நான்கு என்றால் பெயர்ப்பலகையையே மாற்றிவிடலாம்.

ஒன்றுதான், அல்லது ஒன்றுமே இல்லை என்றால், பட்டியலில் இரண்டாவதாக எழுதிய துறையை எடுங்கள். அதற்கு முன்பு, பதில் தந்தும் வேலை தராதவர்களில் மூன்று பேருக்குப் போன் போட்டு, "எதனால் கொடுக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாமா அண்ணே, அடுத்த முறை திருத்திக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். எனக்கு அப்படிக் கேட்டதில் ஒருவர், "எழுத்தெல்லாம் நல்லா இருக்கு தம்பி, ஆனா எங்களுக்குச் சித்திரையில வேணும், நீங்க ஆடியில வந்து கேக்குறீங்க" என்றார். குறுவைக்கு முன்பே அச்சடித்து முடித்துவிடுவார்களாம். அடுத்த வருஷம் பங்குனியிலேயே கடிதம் அனுப்பினேன்.